நாரைகளின் வரிசை எண்

ஹூஸ்டனில் ரக்பியைச் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள் என்பதே அங்குள்ள பாதித் தமிழர்களுக்குத் தெரியாது. மீதிப் பாதிக்குத் தெரிந்ததென்றால் அதற்கு நேசமலர்தான் பொறுப்பு. கணவரோடு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனாலும் சரி, தனியாகத் தன் சர்ச்சுக்குப் போனாலும் சரி, நாலு பேரையாவது மேட்சுக்கு வரச் சொல்லாமல் திரும்ப மாட்டார்.

பிறந்தது கண்டியில். அந்த ஊரில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்குவதற்கு முன்பே முட்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும். அண்ணன்மார் இருவரும் பள்ளி அணியில் ஆடியவர்கள். நேசமலர் ஹூஸ்டனுக்கு வந்து இருபத்தாறு வருடமாக ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை பார்க்கிறார். எண்களில் கறார். கோபம் மூக்கு நுனியில்.

எட்டு வருடத்துக்கு முன் ஹெரான்ஸ் என்ற அணி தொடங்கியது. ஹெரான் என்றால் நாரை. முதல் மேட்சில் மைக் பிடித்தவர் ஆட்டக்காரர்களின் பெயர்களையெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னார். நேசமலருக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் மேசைக்கே போய்த் திருத்தினார். “அப்படியானால் நீங்களே எழுதுங்களேன்” என்று பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அணியின் பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது. சம்பளம் கிடையாது, இலவசத் தொப்பி ஒன்று உண்டு.

ரக்பியில் ஒரு வழக்கம். அணிக்காக முதல்முறை களத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கிடைக்கும். ஒரு நிமிடம் ஆடினாலும் அது அவருக்கு ஆயுசுக்கும் சொந்தம். அந்த எண்ணை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். ஹெரான்ஸில் இப்படி நூற்று நாற்பத்து மூன்று பேர், எல்லாம் நேசமலர் கைப்பட எழுதியது. சிலர் தங்கள் எண்ணைப் பச்சை குத்திக்கொண்டார்கள். கேப்டன் செமிசி டோங்கா நாட்டுக்காரர், தூண் மாதிரி ஆள். அவர் கெண்டைக்காலில் 58 என்று ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது.

முதல் சீசனில் பதினாறு ஆட்டம், பதினைந்து தோல்வி. அதைத்தான் புது முதலாளிகள் மறக்க நினைத்தார்கள். கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் ஆபீஸ் வைத்திருக்கும் சேனாபதி என்பவரும் கூட்டாளிகளும் போன குளிர்காலத்தில் அணியை வாங்கினார்கள். பெயர் மாறும், நிறம் மாறும், வரிசையும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும் என்றார்கள். தோற்றவர்களுக்குப் பெயர் கிடையாதா என்று நேசமலர் கொதித்துப் போனார். ஆறு வாரம் விடாமல் மெயில் போட்டார், போன் செய்தார், ஒருநாள் லீவு போட்டு நேரிலும் போய் நின்றார். கடைசியில் இறங்கி வந்தார்கள். பெயர் போகும், எண்கள் இருக்கும். ஆட்டக்காரர்கள் களத்துக்குள் நுழையும் வழியின் சுவரில் அத்தனை பேரையும் வரிசையாகப் பொறிப்பார்கள். ஆனால் பட்டியலில் ஒரு சின்னத் தகராறு வந்தாலும் ஒன்றிலிருந்துதான் என்று சேனாபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பொறிப்பதற்கு மூன்று நாள் இருக்கையில், சனிக்கிழமை காலை, நேசமலர் சரிபார்க்க உட்கார்ந்தார். யாரோ முதல் சீசன் மேட்ச் ஒன்றின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். எண்பது நிமிட ஆட்டத்தின் எழுபத்தாறாவது நிமிடம், கொட்டும் மழையில், இருபத்திரண்டாம் ஜெர்சி போட்ட ஒருவன் மாற்று ஆளாக உள்ளே ஓடினான். நேசமலர் தாளில் அப்படி யாரும் இல்லை.

வெஸ்லி. அடுத்த வாரப் பயிற்சியிலேயே தோள் எலும்பு முறிந்து ஒதுங்கியவன். அந்த நாலு நிமிடம்தான் அவன் ஆடியது. மேட்ச் முடிந்ததும் வந்த அணிக்கு உள்ளூர் அணி சாப்பாடு போடுவதும் ரக்பி வழக்கம். ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவிலிருந்து தான் கொண்டுவந்த பிரியாணி ஆறிவிடுமே என்று, அந்த நேரத்தில் நேசமலர் சாப்பாட்டுக் கூடாரத்தில் பிரியாணித் தட்டங்களுக்கு அடியில் சூட்டுக்காக நெருப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தார். வெஸ்லிதான் முப்பத்தொன்று. அவனுக்குப் பின்னால் வந்த நூற்றுப் பதின்மூன்று பேருக்கும் ஒவ்வோர் எண் தள்ளிப் போகும். 

“பேசாமல் விடுமன்” என்றார் கணவர் வரதராஜா. “நாலு நிமிஷம் ஆடினவனுக்காக நூறு பேரின்ர நம்பரை மாத்தப் போறீரோ?”

“நாலு நிமிஷம் எண்டாலும் அவன் உள்ளுக்குப் போனவன். ரத்தப் பையில லேபிள் மாறினா நான் பேசாமல் விடுறதோ?”

அணியின் மேனேஜர் மதன் ஈரோட்டுப் பையன், நல்லவன். நேசமலர் போனில் சொன்னதும் பதறினான்.

“ஆன்ட்டி, இத யாரும் நோட்டீஸ் பண்ண மாட்டாங்க. அவர கடைசில நூத்து நாப்பத்து நாலுன்னு ஆட் பண்ணிக்கலாம். சேனாபதி சாருக்குத் தெரிஞ்சா எல்லாமே கேன்சல். ஆறு வாரம் நீங்க ஃபைட் பண்ணதே வேஸ்ட் ஆயிரும்.”

“ஆகட்டும் தம்பி. அவன் கடைசியா வரேல்ல. நீங்கள் சேனாபதி சேருக்குச் சொல்லுங்கோ. பெடியளுக்கு நானே சொல்லுறன்.”

இரண்டு நாள் நேசமலருக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யாக ஒரு சுவர் நிற்பதைவிடச் சுவரே இல்லாமல் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் முப்பது பேரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நேசமலர் எதிரே நின்று, சுற்றி வளைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். தவறு என்னுடையது, பிரியாணி பார்க்கப் போனேன், வெஸ்லி விட்டுப் போனான், உங்கள் எல்லோருடைய எண்ணும் பிழை.  ஒருவர் தன் முன்கையில் குத்தியிருந்ததைத் தேய்த்துப் பார்த்தார்.

மதன் முன்னால் வந்தான். பட்டியல் தகராறாகிவிட்டதால் கம்பெனி ஒன்றிலிருந்து தொடங்க முடிவு செய்துவிட்டது என்றான். கேப்டன் என்ற மரியாதைக்காக அந்த முதல் எண் செமிசிக்கு. சுவரில் முதல் பெயர் அவருடையதுதான்.

எவ்வளவு பெரிய கௌரவம். நேசமலரே அதை மனசுக்குள் ஒப்புக்கொண்டார். எட்டு வருடம் கண்முன்னே கரைந்து போவதைப் பார்த்தபடி நின்றார்.

செமிசி எழுந்தார். குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்தார்.

“அப்படியானால் ஐம்பத்தெட்டு யார்?” என்று நேசமலரிடம் கேட்டார்.

“டேனி. இரண்டாம் சீசனில் முழங்கால் போய் விலகினானே, அவன்.”

“டேனி நல்லவன்” என்றார் செமிசி. “அவன் எண்ணை என் காலில் வைத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை. நான் ஐம்பத்தொன்பது.”

பக்கத்தில் நேற்றுவரை அறுபத்திரண்டாக இருந்தவர் எழுந்தார். “அறுபத்து மூன்று.” அவருக்கு அடுத்தவர், “எழுபது.” ஒவ்வொருவராக எழுந்து, மனசுக்குள் ஒன்றைக் கூட்டித் தன் புது எண்ணைச் சொன்னார்கள். நேசமலர் எழுதிக்கொள்ளப் பார்த்தார். கண் மறைத்தது. விட்டுவிட்டு அழுதார்.

மதன் கொஞ்சம் தள்ளிப் போய் சான் ரமோனுக்குப் போன் போட்டான்.

“சார், ஒரு சின்ன ப்ராப்ளம். ஒண்ணாம் நம்பர் இங்க யாருக்குமே வேணாமாம்.”