இரண்டும் இடக்கை

என் கணவரின் அக்காவான மச்சாளும் நானும் திருகோணமலையில் ஒரு சின்னத் தையல்கடை நடத்துகிறோம். மச்சாளுக்கு ஒரு பழக்கம். துணியை வெட்டுமுன் ஓரத்தில் சோக்குக்கட்டியால் சின்னதாய் ஒரு சிலுவை போடுவார். அதுவும் எங்கள் கோயில் சனத்தின் துணியில் மட்டும். மற்றவர்களின் துணி என்றால் தன் உள்ளங்கையில் விரலால் போட்டுக்கொள்வார். "அவையின்ர துணியில எங்கட அடையாளம் எதுக்கு?" என்பார். வேறு போதனை ஒன்றும் அவரிடம் நான் கேட்டதில்லை.

எனக்கோ ஜெபம் நீளம், பொறுமை கட்டை.

வெட்டுக் கத்தரியை மச்சாள் என்னிடம் ஒப்படைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிண்ணியாவிலிருந்து ஒரு தாய், மகளின் கலியாணச் சட்டைக்குச் சரிகை போட்ட பச்சைத் துணி தந்திருந்தார். அடுத்த கிழமை கலியாணம். நான் போனில் கதைத்துக்கொண்டே சட்டைக் கைகளை வெட்டினேன். துணியை இரட்டையாய் மடிக்காமல், ஒரே பக்கமாய் வைத்து இரண்டு தரம். பார்த்தால், இரண்டும் இடக்கை! வலக்கைக்குத் துணி மிச்சமில்லை.

"வெட்டுத் துண்டுகளைப் பொருத்தி ஒரு கை தைப்பம், மச்சாள். சரிகைக்குள்ள ஒட்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

மச்சாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயிற்றுக்கிழமை கோயில்ல என் பிழை எண்டு நெஞ்சில அடிச்சுப்போட்டு, செவ்வாய்க்கிழமை ஒளிக்கிறதோ? எழும்பும், பஸ் எடுப்பம்."

கிண்ணியாப் பாலம் தாண்டும்போதும் எனக்கு ஒரு நப்பாசை: பழியை மச்சாள் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்று. அதுவும் போச்சு. அந்த வீட்டுக் கதிரையில் இருந்ததுமே சொல்லிவிட்டார்: "பிழையா வெட்டினது இவ. பார்க்காம விட்டது நான். மன்னிக்க வேணும்." எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"யா அல்லாஹ்!" என்று தாய் தலையில் கைவைத்தார். மகள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய், முக்காட்டுக்கென்று வைத்திருந்த அதே பச்சைத் துணியைக் கொண்டுவந்தாள்.

"இதில கை வெட்டட்டும், உம்மா. முக்காட்டுக்கு வேற எடுக்கலாம்."

தாய் அதை வாங்கி மச்சாளிடம் நீட்டினார். "இந்த முறை நீங்களே வெட்டுங்க. இவங்கட கையில குடுக்காதீங்க."

நியாயமான பேச்சுத்தானே? இனிமேல் கடையில் எனக்குப் பொத்தான் தைக்கிற வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மச்சாள் துணிக்குக் கை நீட்டவில்லை. "இல்ல, இவதான் வெட்டுவா. நான் பக்கத்தில நிப்பன்" என்றார்.

தாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

வழியெல்லாம் மனசுக்குள் மச்சாளைத் திட்டிக்கொண்டு வந்தவள் நான். இப்படியும் ஒரு மனுசியா! பொத்துக்கொண்டு வந்தது அழுகை. பச்சைத் துணியில் விழுந்தால் கறையாகிவிடுமே என்று முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.