மாமி காவல் இருந்த பூங்கா

எங்கள் நகரசபைக்கு அந்த வருஷம் பெண்கள் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பூங்காவில் ஒரு மூலையை மூங்கில் தட்டியால் மறைத்தார்கள். உள்ளே புல் வளர்த்து, பெஞ்சுகளும் ஓர் ஊஞ்சலும் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டினார்கள். கடைவீதி ஆண்கள் அந்தத் தட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வீட்டில் இல்லாத காற்று அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

அம்மாவுக்கு அப்போது மூச்சுத் திணறல். டாக்டர் காற்றாட இருக்கச் சொல்லிவிட்டதால் அத்தா அரை மனசோடு சம்மதித்தார். அத்தாவின் அக்காவான மாமிக்குக் கால் மனசுகூட இல்லை. எங்கள் வீட்டில் மாமி சொல்வதுதான் சட்டம்.

“மூச்சு முட்டுறவ வீட்டுல நல்லாத்தானே சட்டி கழுவுறா?” என்றாள் என்னிடம். பிறகு கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து, “அங்க யாரோட பேசுறான்னு பார்த்துட்டு வந்து சொல்லு புள்ளே” என்றாள்.

எனக்கு எட்டு வயது. ஒற்றர் வேலை கிடைத்ததில் பெருமையாக இருந்தது. ஆனால் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திரை கட்டிய ஜட்காவிலிருந்து இறங்கி உள்ளே போனதும் அம்மா தலையோடு போர்த்திய துப்பட்டியைக் கழற்றுவாள், செருப்பை உதறிவிட்டுப் புல்லில் நடப்பாள், வானத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான். பெரும்பாலும் நாங்கள் மட்டுமே இருப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் காவலுக்கு இருந்த ஆயா அம்மாவிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நகரசபை ஓவர்சீயர் வந்து பார்த்துட்டுப் போனாருங்க. ஆளே வராத இடத்துக்கு எதுக்குத் தட்டின்னு கேக்குறாரு. இதைப் பிரிச்சுட்டு பேண்டு வாசிக்க மேடை கட்டப் போறாங்களாம்.”

திரும்பும் வழியில் வீடு நெருங்கும்போது அம்மா, “மாமிகிட்ட நீ என்ன சொல்றே?” என்று கேட்டாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். “ஒண்ணும் இல்லைன்னுதான்” என்றேன்.

“பார்க்குறதை அப்படியே சொல்லு. ஒண்ணையும் விட்டுறாதே” என்றாள். அவள் கோபப்படாததே எனக்கு விசித்திரமாக இருந்தது.

அடுத்த வாரம் அம்மா அத்தர் பூசிக்கொண்டு வந்தாள். புல்லில் நடக்கவில்லை. தட்டியை ஒட்டிய வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து தட்டியருகே போய் நின்றாள், திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாமி பாக்கு மெல்வதை நிறுத்திவிட்டாள்.

“தம்பிக்குத் தெரிய வேணாம். கையும் களவுமா நானே புடிக்கிறேன்.”

மறு வெள்ளிக்கிழமை மாமியே ஜட்காவில் ஏறினாள். வேப்பமரத்துக்கு நேர் எதிரே வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்து, இருட்டும்வரை கண்ணை எடுக்கவில்லை. யாரும் வரவில்லை. அதனால் அவளுடைய சந்தேகம் இன்னும் முற்றியது. “என்னைக் கண்டுட்டு ஒதுங்கிட்டான்” என்றாள். அதற்கடுத்த வாரம் தன் இரண்டு மருமகள்களையும் கூட்டிவந்து ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தாள். விஷயம் என்னவென்று தெரியாமல், ஆனால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மட்டும் மோப்பம் பிடித்து, எதிர்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று பார்க்க அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள். அம்மா யாரிடமும் அதிகம் பேசாமல் அவ்வப்போது வேப்பமரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். உடனே மாமி மருமகள்களுக்குக் கண்ணைக் காட்டுவாள்.

காவல் இருப்பவர்களுக்கும் பசிக்கும் அல்லவா? சுண்டல் வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். ஊஞ்சலுக்குச் சண்டை வந்தது. ஒருநாள் தட்டிக்கு வெளியே ஓவர்சீயர் வந்து நின்று, உள்ளே கேட்ட இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனார் என்று ஆயா சொன்னாள். அடுத்த வாரம் ஓட்டைத் தட்டியை எடுத்துவிட்டுப் புதுத் தட்டி கட்டியிருந்தார்கள். இன்னொரு ஊஞ்சலும் வந்திருந்தது. மாமி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து, “இங்கேருந்து பார்த்தா மரம் நல்லாத் தெரியுது” என்றாள். மருமகள்கள் ஆட்டிவிட்டார்கள்.

எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. இத்தனை பேர் இத்தனை வாரம் காத்தும் அந்த ஆள் வரவில்லையே என்று அம்மாவின் காதருகே குனிந்து கேட்டுவிட்டேன்.

“யாரும்மா வரணும்?”

அம்மா ஊஞ்சலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். “எல்லாரும் வந்துட்டாங்களே” என்றாள்.

நான் சட்டென்று வேப்பமரத்துப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு காக்கைகூட இல்லை. அம்மா எதையோ மறைக்கிறாள் என்ற சந்தேகம் அன்றுதான் எனக்கு உறுதியாயிற்று.