சட்டையில் பட்ட சாணைத் தூசு

சோற்றை மென்றால் பல்லுக்குள் நறநறவென்று ஏதோ அரைபடும். பிறகு ஆணியைச் சப்பியது போல நாக்கில் ஒரு ருசி வந்து நிற்கும். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், எனக்குப் பத்து வயது நடந்தபோது, காத்தான்குடியில் எங்கள் வீட்டுச் சோறு அப்படித்தான் இருந்தது. உம்மா அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவுவார், சட்டியின் மேல் சுளகைக் கவிழ்ப்பார், சுளகின் மேல் ஈரத்துணியும் போடுவார், அப்படியும் அந்தத் தூசு எந்த வழியாலோ உள்ளே போய்விடும். கல் கடிபட்டால் துப்பலாம். இதைத் துப்பினால் இது என்னவென்று மச்சான் கேட்டுவிடுவாரே என்று நாங்கள் எல்லோரும் பேசாமல் விழுங்குவோம்.

மச்சான் என்றால் எனக்கு மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார், பெற்றவர்கள் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் ஒதுங்குவார்கள். ராத்தாவின் கலியாணத்தோடு நாங்களும் அப்படித்தான் சமைக்கிற குசினிக் குடிலுக்குப் போனோம். முன்வீடு இனி அவர்களுடையது. மச்சான் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார், வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையும் தவிர வேறொன்றும் உடுத்தாதவர், அதிகம் பேசாதவர். அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்ததில் உம்மாவுக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. அவர் கோபித்துக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டின் ஒரே கவலை. மாப்பிள்ளை கோபித்துப் போன வீடு என்ற பெயர் எங்கள் ஊரில் லேசில் அழியாது. அடுத்த மகளான எனக்கும் சேர்த்தே அது ஒட்டும்.

வாப்பா புடவை யாவாரி. காத்தான்குடித் தறிகளில் நெய்த சாரன்களை மூட்டையாகக் கட்டித் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர். சண்டை வந்து புடவைக்குக் கூப்பனும் வந்தபிறகு தலைச்சுமை யாவாரிக்குத் துணி கொடுப்பாரில்லை. அதே சண்டையால் சீமைக் கத்தியும் கடைகளில் இல்லாமல் போயிற்று. மீன் வெட்டக்கூட வீட்டில் கத்தி இல்லையென்று படுவான்கரைப் பெண்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த வாப்பா, மரம் அரியும் மரக்காலையில் ஒடிந்து கிடந்த ஒரு பழைய வாள் தகட்டை வாங்கிவந்து தானே கத்தி செய்யத் தொடங்கினார். யாரும் அவருக்குப் படித்துக் கொடுக்கவில்லை. முதல் கத்தி வாழைத்தண்டைக்கூட ஒழுங்காக வெட்டாது. ஆனால் பத்தாவதோ பதினைந்தாவதோ நன்றாக வந்துவிட்டது. மட்டக்களப்புக் கடைக்காரர் ஒருவர் அதைக் "கொழும்புச் சாமான்" என்று சொல்லி விற்கவும் தொடங்கினார்.

செய்வது பிழையில்லை, செய்வது தெரியக்கூடாது என்பதே வாப்பாவின் எண்ணம். நேற்றுவரை யாவாரி என்று மரியாதையாக அழைத்த ஊர், இரும்போடு மல்லுக்கட்டுகிறவரை என்ன சொல்லி அழைக்குமோ என்ற வெட்கம். அதிலும் புது மருமகனுக்குத் தெரியவே கூடாது. அதனால் முன்வீட்டின் பக்கச் சுவருக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் ஒளிந்துகொண்டார். அதை நாங்கள் "ஒடுக்கு" என்போம். ஒருவர் குறுக்கே காலை நீட்டிப் படுக்க முடியாது, அவ்வளவுதான் அகலம்.

அந்த ஒடுக்கை ஒரு வேலைத்தலமாக்க வாப்பா பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிக்குமுன் ஒருமாதிரியாகவும் இருக்கிறது. மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தார். நிமிர்ந்தால் தலை இடித்தது. அதனால் நெசவுகாரரின் குழித்தறிக்கு வெட்டுவது போல நிலத்தில் ஒரு குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். முன்னால் ஒரு தென்னங்குற்றி, அதன் மேல் தகட்டைப் பிடித்து ராவுவார். அரமும் உளியும் வைக்க இடமில்லாமல் கிடுகிலேயே செருகியிருப்பார். குழிக்கு அந்தப் பக்கம் சாணைக்கல். அதன் அச்சில் சுற்றிய வாரை மாறி மாறி இழுக்க நான். என் முதுகு குசினிச் சுவரில் உரசும், முழங்கால் வாப்பாவின் முழங்காலில் முட்டும். சம்மட்டி அடித்தால் தெருவுக்குக் கேட்கும் என்பதால் அடிக்கவே மாட்டார். எல்லாம் ராவலும் தீட்டலும்தான். மச்சான் பள்ளிக்கூடம் போனபிறகு, சுற்றியுள்ள வீடுகளில் தறிகள் "டடக் டடக்" என்று அடிக்கும் நேரத்தில்தான் கல் சுற்றும். அந்தச் சத்தத்துக்குள் எங்கள் சத்தம் அமிழ்ந்துபோகும்.

சத்தத்தை மறைத்தார், தூசை மறைக்க முடியவில்லை. கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினால் தூசே கிளம்பாது, அது வாப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீர் வேலிக்கு அடியால் தெரு ஒழுங்கைக்கு வழிந்து ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து உலர்ந்த கல்லிலேயே தீட்டினார். ஒடுக்கின் இரு வாசலிலும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார், நிலத்துக்கு ஈரமணல் போட்டார், எங்கள் இருவர் மூக்குக்கும் துணி கட்டினார். என்ன கட்டி என்ன? கலியாணத்துக்கென்று சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்த இரும்புத் தூசு துருவேறி மண்ணிறப் பொட்டுகள் வந்தன. உம்மா மேலே திரும்பவும் சுண்ணாம்பு பூசுவார், அது காயுமுன்பே பொட்டுகள் வெளியே வந்துவிடும். யாராவது கேட்டால் "உப்புக் காத்து" என்பார்.

எனக்கு வந்த கேவலம் வேறு. ஓதப் பள்ளியில் எங்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த மாமி ஒருநாள் என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, நகக்கண்ணுக்குள் இவ்வளவு கறுப்பு என்னவென்று கேட்டார். அடுப்புக் கரி என்று சொன்னேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். மூக்கைச் சிந்தினாலும் கரியாகவா வரும் என்று பின்னாலிருந்த ஒருத்தி கேட்க, பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அன்றைக்கே எனக்கு "அடுப்புக்கரி" என்று பெயர் விழுந்துவிட்டது. பாயில் என் பக்கத்தில் இருந்தவள் தன் வெள்ளை முக்காட்டை இழுத்துச் சுருட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். வாப்பா மேல் எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, என் வாப்பாவுக்கு மட்டும் ஏன் இது என்று அழுதேன்.

ஒரு வியாழக்கிழமை கச்சான் காற்றுத் தொடங்கியது. வாவிப் பக்கமிருந்து வரும் அந்த வெக்கைக் காற்று தொடங்கிவிட்டால் ஊரில் கிடுகுகூட ஓரிடத்தில் கிடக்காது. வாப்பா இரண்டு சாக்குகளையும் கல் கட்டி இறுக்கினார். கிடுகுக்கும் சுவருக்கும் நடுவில் மேலே ஒரு சாண் திறந்திருந்ததை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. காற்று ஒரு சாக்கின் ஓரத்தால் நுழைந்து, தூசை அள்ளிக்கொண்டு மேலால் போனது. முன்முற்றத்துக் கொடியில் ராத்தா தோய்த்துப் போட்ட மச்சானின் வெள்ளைச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. காய்ந்தபிறகு ராத்தா அதை உதறி மடித்தா. அப்போது அதில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் ஜும்மாவுக்கு மச்சான் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார். பள்ளிவாசலில் நெருக்கம், வெக்கை, முதுகெல்லாம் வேர்வை. தொழுகை முடிந்து எழும்பியபோது அவருடைய முதுகில் மண்ணிறப் பொட்டுகள், அம்மாள் நோய் போட்டது போலக் கழுத்திலிருந்து இடுப்புவரை. பின்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒருவர் கேட்டும்விட்டார். மச்சான் வீடு வந்து சேருமுன்பே கதை வந்து சேர்ந்துவிட்டது. அவர் வந்தார், சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார், வேறொன்றை மாட்டினார், சோற்றைத் தொடாமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ராத்தா அந்தச் சட்டையைத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெயிலில் போட்டா. மண்ணிறம் மஞ்சளானது, போகவில்லை. அவ அழவும் இல்லை, வாப்பாவை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. உம்மாதான் சொன்னார்.

"இந்தக் கல்லக் கொண்டு வாவியில போடுங்க. என்ட புள்ளைட வாழ்க்கைய அரைச்சுப்போட்டீங்க."

வாப்பா ஒடுக்குக்குள் போய்க் குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். நான் சாக்கை விலக்கிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெற்ற மகளின் முன்னால் ஒரு தகப்பன் வெட்கப்பட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு மச்சானின் தாய்வீட்டுக்குப் போனார். மருமகன் வீட்டுப் படியில் மாமனார் போய் நிற்பது லேசான காரியமில்லை. அக்கம்பக்கத்து வேலிகளில் கண்கள் முளைத்துவிட்டன. நான் வாப்பாவின் சாரனைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். மச்சான் வெளியே வந்ததும், உட்காரச் சொல்லுமுன்பே வாப்பா சொன்னார்:

"மருமகன், நான் கத்தி செய்யிறன். வீட்டு ஒடுக்குக்குள்ள ஒளிச்சிருந்து செய்யிறன். உங்கட சட்டையில பட்டது என்ட சாணைத் தூசு."

மச்சான் "தெரியும் மாமா" என்றார். "கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும். தண்ணிக் குடத்துக்குள்ள கறுப்பா அடைஞ்சி கிடந்திச்சி."

"மறுகா ஏன் மருமகன் கோவிச்சி வந்தீங்க?"

"கோவமில்ல மாமா. ஆக்கள் இதென்ன கறையெண்டு கேட்டாங்க. எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன். பள்ளிக்குள்ள நிண்டு, தொழுத வாயால பொய் சொன்னன். உங்கட முகத்தப் பார்க்க வெக்கமா இருந்திச்சி."

உள்ளேயிருந்து அவருடைய தாய், மனிசரை வெயிலில் நிற்க வைத்துப் பேசுகிறாயே என்று மகனை ஏசினார். வாப்பா தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவருடைய கை என் தலையில் இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் சாக்குகளை அவிழ்த்தார். தென்னங்குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியே, எல்லோரும் பார்க்க, வாவிக்கரைக்குப் போனார். திரும்பி வந்து சாணைக்கல்லைத் தூக்கினார். கல்லை வாவியில் போடச் சொன்ன உம்மாவே வாசலில் மறித்து, ஊரெல்லாம் பார்க்குமே என்றார். "பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாப்பா நடந்தார்.

கரையில் இடத்துக்கு என்ன பஞ்சம்! காலை நீட்டினார், கையை வீசினார், எழும்பி நின்று நெட்டி முறித்தார். ஓட்டைச் சட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கல்லில் சொட்டவிட்டார். வாவித் தண்ணீர் உப்பு, கத்தி துருவேறிவிடும். கறுப்புத் தண்ணீர் மணலில் தாராளமாக ஓடியது. ஒரு பொட்டுத் தூசு இல்லை. அவ்வளவு நாளும் எங்கள் சோற்றில் விழுந்தது தூசா, வெட்கமா என்று எனக்கு இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஓதப் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று "அடுப்புக்கரி, அடுப்புக்கரி" என்று கத்தினார்கள். நான் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, யாரென்று தெரியாமலிருக்கக் குனிந்தபடியே வாரை இழுத்தேன். வாப்பா அதைப் பார்த்தார். இழுக்க வேண்டாம், வீட்டுக்குப் போ மகள் என்றார். நான் எழும்பி ஓடிவிட்டேன். பிறகு அவர் ஒரு கையால் கல்லைச் சுற்றிக்கொண்டு மறு கையால் தீட்டியிருப்பார், நான் பார்க்கவில்லை.

மச்சான் அன்று மாலையே வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மஞ்சள் பொட்டுச் சட்டையையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். ராத்தா கெஞ்சிப் பார்த்தா, கேட்கவில்லை. பள்ளியில் யாரோ கேட்டதற்கு, எங்கட மாமாட கத்தித் தூசு என்று சொன்னாராம். அதன்பிறகு மழுங்கிய கத்தியும் அரிவாளும் தூக்கிக்கொண்டு ஊரே வாவிக்கரைக்கு வந்தது. வாப்பா மௌத்தாகும்வரை அங்கேதான் வேலை செய்தார். நான் மட்டும் அந்தப் பக்கம் போகாமலிருக்கச் சுற்று வழி தேடுவேன்.

இப்போது வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை, ராத்தாவும் மச்சானும் இல்லை. வாவிக்கரையில் அந்த இடத்தில் மதில் எழும்பியிருக்கிறது. வாப்பா செய்த கத்தி ஒன்றாவது இருக்குமா என்று வீடு வீடாகக் கேட்டேன், ஒருவரிடமும் இல்லை. மிச்சமிருந்தது முன்வீட்டின் பக்கச் சுவர் ஒன்றுதான். எத்தனை பெருநாளுக்கு எத்தனை தரம் வெள்ளையடித்தும் அந்த மண்ணிறப் பொட்டுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. போன மாதம் ராத்தாவின் பேத்தி மாடிவீடு கட்டுவதற்காக அதையும் இடித்தாள். நான் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேசன் பொடியன் ஒரு சுவர்த் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன உம்மா, சுவரெல்லாம் இப்பிடிப் பொட்டுப் பொட்டா இரிக்கி?" என்று கேட்டான்.

என் மச்சான் சொன்ன பதில் எனக்குத் தெரியும். நாற்பது, ஐம்பது வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். வாயைத் திறந்தேன்.

"உப்புக் காத்து, மனே" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, துண்டை மற்றக் கற்களோடு வண்டிலில் எறிந்தான்.