‘உன் வேலை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவர்

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் உடையார்பாளையத்தில், அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தில் இருந்தேன். பேசியவர் எங்கள் குடோனின் வேன் ஓட்டுநர் செல்வராஜ். "மேடம், ஹபீப் பாய் எறந்துட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனோம், ஆஸ்பத்திரி வாசல் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?" என்று கேட்டேன்.

செல்வராஜ் தயங்கினார். "லோடு ஏத்திக்கிட்டு இருந்தாருங்க."

துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூர் நெடுஞ்சாலையோரம் உள்ள எங்கள் குடோனிலிருந்துதான் சோப்பும் பிஸ்கட்டும் எண்ணெயும் இரண்டு மாவட்டத்துக் கடைகளுக்கும் போகின்றன. சரக்கை அனுப்பும் பிரிவுக்கு ஹபீபுல்லா மேலாளர். லப்பைக்குடிகாட்டுக்காரர். வயது ஐம்பத்தெட்டு. சென்ற வருடம் இதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள். பெட்டி தூக்குவது அவர் வேலையே இல்லை. அப்படி எழுதி வைத்திருந்தவரே அவர்தான்.

அந்தத் தாளை, குடோனில் வேலை பார்த்த உங்களில் பலர் வாங்கியிருக்கிறீர்கள். புதிதாக யார் சேர்ந்தாலும், லோடுமேன் ஆனாலும் ஓட்டுநர் ஆனாலும், முதல் நாள் காலை ஒரு முழுத்தாள் கொடுப்பார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘உன் வேலை’, வலப்பக்கம் ‘உன் வேலை இல்லை’. வலப்பக்கம்தான் நீளம். லோடுமேன் தாளில், "பில்லில் கை வைக்காதே. வண்டியை நகர்த்தாதே. முதலாளி வீட்டுக்கு சிலிண்டர் தூக்காதே" என்று இருக்கும். வந்தவர் அதை உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு பாயே படித்துக் காட்டுவார். பிறகு கீழே இரண்டு கையெழுத்து. "வாங்குறவன் கையெழுத்து மட்டும் போதாது. கொடுக்குறவனும் போடணும். நாளைக்கு யாரு சொன்னான்னு கேட்டா ஒரு பேரு இருக்கணும்ல" என்பார்.

எனக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாகவியல் நடத்திவிட்டு, அலுவலகப் பொறுப்புக்கு இங்கே வந்தவள் நான். இப்படிப்பட்ட தாள்கள் எல்லா நிறுவனங்களிலும் அலமாரிக்குள் உறங்குவதை அறிவேன். பாய் என்னை ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஓர் ஐப்பசி மழையில் என் சந்தேகம் சரிதான் என்று தோன்றியது. பிஸ்கட் லாரியை முற்றத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். செக்கர் சாப்பிடப் போயிருந்தார். அவர் எண்ணிப் பார்க்காமல் சரக்கை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று லோடுமேன் தாள் சொன்னது. மழை கொட்டியது. நான்கு பேரும் கொட்டகைக்குள் நின்று பெட்டிகள் நனைவதை வேடிக்கை பார்த்தார்கள்.

"பாருங்க பாய், உங்க தாளோட லட்சணத்த" என்று கத்தினேன்.

"அவனுங்க செஞ்சது சரி, டீச்சரம்மா. தாளுதான் தப்பு. மழைய நான் எழுதல" என்றார்.

மறுநாள் காலை எல்லோருடைய தாளிலும் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘மழை வந்தால் முதலில் சரக்கை மூடு. பிறகு கேள்.’ தவறு நடந்தால் ஆளைத் திட்டாமல் தாளைத் திருத்தும் மேலாளரை நான் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒப்புக்கொண்டது வேறொரு நாளில். தா.பழூர் கடையிலிருந்து இரண்டு பெட்டி சோப்பு குறைகிறது என்று போன் வந்தது. பழைய முதலாளி எல்லோர் முன்னிலையிலும் செல்வராஜைப் பிடித்துக்கொண்டார். "வழியில எங்கடா இறக்குன? ஆண்டிமடத்துல மாமியா வூட்டுலயா?" நான்கு பேர் சிரித்தார்கள். செல்வராஜ் தலை குனிந்து நின்றார். பாய் தாளோடு வந்தார்.

"இவன் எண்ணக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்கு. எண்ணாதவன்கிட்ட போய்க் கணக்கு கேக்குறீங்க."

"அப்ப எண்ணுனது யாரு?"

"செக்கர் அன்னைக்கு லீவு. எண்ணுனது நான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க, பாதியில நிறுத்திப்புடாதீங்க."

முதலாளி தன் அறைக்குத் திரும்பிப் போனார். அந்த இரண்டு பெட்டிகளும் மாலையில் மூன்றாம் வாசல் அடுக்குக்குப் பின்னால் கிடைத்தன. பொறுப்பு என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு மனிதர் முன்வந்து அதை எடுத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டேன். சவூதியில் ஒரு குடோனில் வேலை பார்த்ததைச் சொன்னார். அவருடன் இருந்த, பெட்டி கட்டும் ஆள் ஒருவர், சரக்கு தூக்கும் வண்டியை நகர்த்தப் போய்க் கையை நசுக்கிக்கொண்டார். விசாரணையில் உன்னை யார் ஓட்டச் சொன்னது என்று கேட்டார்கள். "யாரும் சொல்லல, டீச்சரம்மா. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு கத்துனாங்க. ஒருத்தனும் சொல்லல. அதனால தப்பு அவனுதாயிடுச்சு."

இரண்டு வருடங்களுக்கு முன்னால் குடோன் கைமாறியது. மாதம் இருமுறை காரில் வந்து போகும், புதிய நிறுவனத்தின் மண்டல மேலாளர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாய் இது? ‘என் வேலை இல்லை’ன்னு சொல்ல நீங்களே சொல்லிக் கொடுக்குறீங்க? இது என்ன கவர்மெண்ட் ஆபீஸா?" வலப்பக்கம் முழுவதையும் எடுக்கச் சொன்னார். கொடுப்பவர் கையெழுத்து தேவையில்லை என்றார். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இவை தவிர, நிறுவனம் அவ்வப்போது சொல்லும் பிற வேலைகள்.’

அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா நிறுவனங்களிலும் இருக்கும் வரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாய் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒத்த வரி போதும், டீச்சரம்மா. மேல உள்ளது எதுக்கு? காயிதம்தான் வீணு."

நான் பதில் சொல்லவில்லை. மண்டல மேலாளரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதிகம் பேசாதவள் என்று எனக்குப் பெயர் உண்டு. அன்று அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

அவர் இறந்த நாளில் நடந்ததைச் செல்வராஜிடமும் மற்றவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பண்டிகைச் சரக்கு. இரண்டு லாரிகள் நின்றன. லோடுமேன் மூன்று பேர் வரவில்லை. நண்பகல் வெயில். மண்டல மேலாளர் போனில் நான்கு முறை அழைத்தார். நான்காவது முறை, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில், "நீங்களும் ஒரு கை கொடுங்க பாய், உங்க தாள்லயும்தானே அந்த வரி இருக்கு" என்றார். பாய் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு எண்ணெய்ப் பெட்டிகளைத் தூக்கினார். பிறகு மூன்றாம் வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

லப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். ஜனாஸா தொழுகையும் அடக்கமும் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி, கணவரை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் "டீச்சரம்மாவா?" என்றார். அதுவரை நாங்கள் சந்தித்ததே இல்லை.

"வூட்டுல குடிச்ச டம்ளர எடுத்து வைக்க மாட்டாரும்மா. கேட்டா, அது என் தாள்ல இல்லம்பாரு. அப்புடிப்பட்ட மனுசன் அங்க போயி பெட்டி தூக்குனாரா? யாரு தூக்கச் சொன்னது?"

இந்தக் கேள்வி எனக்கு ஏற்கெனவே தெரியும், பாய் சொன்ன சவூதிக் கதையிலிருந்து. அதற்குப் பதில் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

"போன்ல ஒருத்தர் சொன்னாரு. அப்படிச் சொல்றதுக்கு அவருக்கு ஒரு வரி இருந்துச்சு. அந்த வரிய அடிச்சுக் கொடுத்தது நான்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "நீயாவது சொன்னியேம்மா" என்றார். அது மன்னிப்பு அல்ல. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை குடோன் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. பாயின் பழைய புகைப்படம். கீழே: ‘இது என் வேலை இல்லை என்று ஒருநாளும் சொல்லாத உழைப்பாளி.’ பதினொரு வருடங்களாக அவர் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்த வாக்கியத்தை, அவர் சொல்லவே இல்லை என்று அச்சடித்திருந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் மண்டல மேலாளர் பேசினார். "பாயை யாரும் தூக்கச் சொல்லல. அவராவே இறங்கி வேலை செஞ்சாரு. அதுதான் அவரோட குணம்." பிறகு என்னிடம் வந்து, நிறுவன இதழுக்கு இதே கருத்தில் ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி கேட்டார். நன்றாக எழுதுவீர்களே என்றார்.

எழுதிவிட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். இதழில் போட மாட்டார்கள் என்று தெரிந்ததால் உங்களுக்கு நேராக அனுப்புகிறேன். பாய் தாமாகத் தூக்கவில்லை. தூக்கச் சொன்னார்கள். அவர் சாவைப் பற்றி நடக்கும் விசாரணைக்கும் இதையே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பழைய தாள், நடுவில் கோடு போட்டது. நேற்று தா.பழூரிலிருந்து ஒருவர் லோடுமேன் வேலைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். புதிய படிவத்தை மேசைக்குள் போட்டுவிட்டு, பழைய தாளை நகலெடுத்துக் கொடுத்தேன். அவர் மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க மேடம், செய்யுற வேலைய விட செய்யாத வேலை நெறைய இருக்கு?"

"ஆமாங்க. அந்தப் பக்கத்த சத்தமா படிங்க."

அவர் திக்கித் திக்கி, சிலிண்டர் வரை படித்தார். மழை வரியையும் படித்தார். கையெழுத்துப் போட்டார். கொடுப்பவர் என்ற இடத்தில், வாசிக்கும்படி தெளிவாக, என் முழுப் பெயரை எழுதினேன்.