ரய்யா கேட்டு வந்த பதில்

வகுப்பில் பெண்களின் வரிசை பின்னால். ரய்யாவின் நாற்காலி அதிலும் கடைசியில். தன் ஊரான பஹ்லாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, கல்லூரியின் பெண்கள் வாசல் வழியாக நுழைந்து, பேசாமல் உட்கார்ந்துகொள்வாள். தொழில்முனைவுப் பாடத்தில் சிந்தனைத் திறனுக்குப் பரீட்சை வைத்தால் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். எழுந்து பேசச் சொன்னால் மட்டும் தரையைப் பார்ப்பாள்.

"பேப்பர்ல புலி, வாயைத் தொறந்தா எலி! பொண்ணுங்களா, மூளையைப் பத்திரமா வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகவா இங்க வர்றீங்க?" என்று ஆசிரியை டாக்டர் பத்ரிய்யா திட்டாத நாளில்லை.

அந்த ரய்யாவை, அதே வகுப்பு யக்தானும் அவன் கூட்டாளிகளும் புதுத் தொழில் திட்டப் போட்டிக்கான தங்கள் குழுவில் சேர்த்தார்கள். காரணம் இருந்தது. காலைக் காப்பிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் வீடுகளுக்குப் பலகாரப் பெட்டி கொண்டுபோய் விற்பது அவர்கள் திட்டம். அந்த அறைக்குள் பையன்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாதே!

"தங்கச்சி, நீ போய்க் கேட்டுட்டு மட்டும் வா. மத்ததையெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றான் யக்தான்.

மற்றதென்றால் யோசிப்பது, மேடையில் பேசுவது, பரிசு வாங்குவது! பையன்கள் டீக்கடையில் கூடி முடிவெடுப்பார்கள். இவள் வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்வாள். ஆனாலும் ஒரு கூட்டத்தில் தன் பெயரும் இருக்கிறதென்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சொந்தத் தெருவிலேயே வீடு வீடாகக் கேட்டாள்.

"இன்ஷா அல்லா மவளே, உன்கிட்ட வாங்காம இருப்போமா!" என்று எல்லாரும் கையில் பேரீச்சம்பழத்தைத் திணித்தார்கள். வீடு தேடி வந்தவள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற பெண் பஹ்லாவில் இன்னும் பிறக்கவில்லை. காப்பிக்கு அவரவர் கையால் பலகாரம் செய்துகொண்டு வருவதில்தான் அவர்களுக்குப் பெருமை என்பது ரய்யாவுக்குத் தெரியாதா?

'மரியாதைக்குச் சொல்றாங்க. வாங்க மாட்டாங்க' என்று குழுவில் எழுதினாள்.

'சொன்னதை மட்டும் சொல்லு தங்கச்சி. அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலை உனக்கெதுக்கு?' என்று பதில் வந்தது.

போட்டியன்று நடுவர் கேட்டார்: "பொம்பளைங்க வாங்குவாங்கன்னு எப்படிச் சொல்றே?"

"எல்லாரும் சரின்னுட்டாங்க சார். எங்க ரய்யாவே போய்க் கேட்டா" என்று யக்தான் கை காட்டினான். அரங்கமே பின்னால் திரும்பியது.

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், குழுவில் அவள் இடம் நிலைத்துவிடும். ரய்யா எழுந்தாள்.

"சரின்னு சொல்லல சார். இன்ஷா அல்லான்னாங்க. எங்க தெருவுல வேண்டாம்னு நினைச்சாலும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவரவர் வீட்டு அம்மாவும் அதைத்தானே சொல்வாள்! பரிசு வேறு குழுவுக்குப் போனது. "இதுதான்டி சிந்தனை!" என்று பத்ரிய்யா கட்டிக்கொண்டார், முழு மதிப்பெண்ணும் போட்டார். அவள் பஸ் பஹ்லா போய்ச் சேருவதற்குள் யக்தான் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். அதன் பிறகு வேறு எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை. உண்மை பேசுகிறவளைக் கூட வைத்துக்கொள்ள யாருக்குத்தான் துணிச்சல்?

அதையாவது பொறுத்துக்கொண்டாள். தெருப் பெண்கள் மனதில் இருப்பதை ஆண்கள் நடுவே போட்டு உடைத்தாள் என்ற சேதி, அவளுக்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. விடுமுறை நாளில் பக்கத்து வீட்டுக் காப்பிக்குப் போனாள். வாசல்வரை கேட்ட சிரிப்பு, அவள் தலையைக் கண்டதும் நின்றது.

அந்த வீட்டுக்காரி உம்மு ஸுலைமான் எழுந்து வந்து வரவேற்றாள். வயதானவர்கள் உட்காரும் மேலிடத்தில் அவளை உட்காரவைத்து, பழத்தட்டை அவள் முன்னால் நகர்த்தி, முதல் கோப்பையை அவளுக்கே ஊற்றினாள். வெளியூர் விருந்தாளிக்குச் செய்கிற அத்தனையும் குறைவில்லாமல் நடந்தது. அவள் எழுந்து போகும்வரை யாரும் ஊர்க்கதை பேசவில்லை.