இரண்டு நகருக்கு நடுவே ஒரு வீடு

கீழ்பென்னாத்தூரில் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்ற ஆதிலட்சுமிக்கு, திருவண்ணாமலைக்குக் குடிவந்த நாளிலிருந்தே தன் முகவரியில் குழப்பம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மனைகளை வாங்கி, அவற்றின் மேல் ஒரே வீடாகக் கட்டிவிட்டுக் கணவர் கண்ணை மூடிவிட்டார். முன்வாசல் செண்பக நகரில். பின்வாசல் வெற்றி நகரில். இரண்டு நகரையும் வெவ்வேறு ஆட்கள் மனை பிரித்து விற்றதால் நடுவே நீளமாக மதில்; இவள் வீடு மட்டும் அதன் இருபுறமும். தெருக்கள் எல்லாம் அதில் முட்டி நின்றன. பக்கத்து நகருக்குப் போக ஊரையே சுற்ற வேண்டும்.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் எதிர்வீட்டுக் கவிநிலாவுக்குப் பிரசவ வலி கண்டது. கிரிவலக் கூட்டம் செண்பக நகர் முகப்பை அடைத்திருந்தது. ஆம்புலன்ஸ் பைபாஸ் வழியாக வெற்றி நகருக்குள் வந்து மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றது. ஆதிலட்சுமி யோசிக்கவில்லை. கவிநிலாவைக் கைத்தாங்கலாக ஹால், சமையலறை வழியாக நடத்திப்போய்ப் பின்வாசலில் ஏற்றிவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் ஒருத்தி ரேஷன் கடைக்குப் போக வீட்டு வழியாக விடச்சொல்லிக் கேட்டாள். பிறகு டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் வந்தவர்கள் யாரும் கேட்கவே இல்லை. ஒருநாள் தாளித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன், "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனான். வீட்டில் இருக்கிறோமா, ரோட்டில் நிற்கிறோமா என்று அவளுக்கே புரியவில்லை.

செண்பக நகர்ச் சங்கத்து வளவன் வந்து, வெளியாட்கள் நடமாட்டம் ஜாஸ்தியாகிவிட்டது, பூட்டிவிடுங்கள் என்றான். வெற்றி நகர்க்காரர்களோ திறந்தே வைக்கச் சொன்னார்கள்.

"நான் எந்த நகரு தம்பி?" என்று அவள் கேட்டாள்.

வளவன் முன்வாசலைப் பார்த்தான், பின்வாசலைப் பார்த்தான். "கேட்டுச் சொல்றேம்மா" என்று போய்விட்டான்.

இரண்டு வாசலையும் பூட்டினாள். கதவு தட்டும் சத்தம், பிறகு திரும்பிப்போகும் செருப்புச் சத்தம். வீடு அமைதியாக இருந்தும் மனசு கேட்கவில்லை. கவிநிலா குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வெயிலில் சுற்றிப்போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அந்த வாரமே கொத்தனாரை வரவழைத்தாள். வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையில் தென்னை வைக்க விட்டிருந்த இடத்தின் இரண்டு முனையிலும் சுற்றுச்சுவரை இடித்து, வண்டி போகிற அளவுக்குச் சந்து விட்டாள். வீட்டுக் கதவுகளைச் சாத்திக்கொண்டாள்.

செய்தது சரியா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. விஷயம் தெரிந்து வளவன் ஸ்கூட்டரில் வந்தான். சந்தின் முனையில் இறங்கி, அந்தப்பக்கம் வரை எட்டிப் பார்த்தான். பிறகு அந்த வழியாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

அது கோபமா, சம்மதமா என்று ஆதிலட்சுமிக்கு விளங்கவில்லை.