காத்துதானே, போகட்டும்

என் மனைவி தேநீர் கொடுத்தால், “அங்க வெச்சிடுங்கம்மா” என்பார். தொடமாட்டார். உறிஞ்சும் இயந்திரம் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும். அதன் முள் பூஜ்யத்தைத் தொடும்வரை குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தொட்ட பிறகும் திருப்தி வராது. “உள்ள இன்னும் ஒரு வாய் இருக்கும்” என்று குழாயைத் தட்டுவார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு ‘முள்ளுக்காரர்’ என்று பெயர். வைத்தது நான்தான்.

பழைய ஏசி, ஃப்ரிட்ஜ்களைக் கழிக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவை வெளியே விடாமல் உருளையில் பிடித்து அடைப்பது அவர் வேலை. முன்பு சொந்தமாக ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு இந்த வேலைக்குச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். “புத்தி கெட்டுப் போச்சா?” என்று அவர் மனைவி இரண்டு வேளை சமைக்காமல் இருந்து பார்த்தார். மனிதர் தானே சமைத்தார், மனைவிக்கும் சேர்த்து.

எல்லாம் மகள் செய்த வேலை. கல்லூரியில் படித்ததை ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். இந்த வாயு கொஞ்சம் கசிந்தாலே போதுமாம், மூட்டை மூட்டையாக நிலக்கரி எரித்ததுபோல் பூமி சூடாகுமாம்.

“அதுக்கப்புறம் சாப்பாடு எறங்கல சார். ஊரையே குளுகுளுன்னு வெச்சிருக்கேன்னு மாரத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பாத்தா, அடுப்புல்ல மூட்டியிருக்கேன்!”

சிரிக்கத்தான் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

“வயசுல இருக்கும்போதே இந்த வேலைக்குக் கூப்பிட்டாங்க. சம்பளம் கம்மின்னு போகல” என்றார் பிறகு. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆனால் அவரை அரிப்பது தம்பிதான். கடையில் இன்றும் வால்வைத் திறந்து வாயுவை வெளியே விடுகிறார். அதைக் கேட்கப்போய் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. “அவன் மேல கோவமில்ல சார். ஸ்பேனர கையில குடுத்து, ‘காத்துதானே, போகட்டும்’னு சொல்லிக் குடுத்ததே நாந்தான். அவன மட்டும் நிறுத்த வெச்சிட்டா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.”

சென்ற வாரம் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். தம்பி வாசலில் ஒரு பழைய ஏசியின் முன் குனிந்திருந்தார்.

“மெஷின் கொண்டாந்திருக்கேன்டா. நானே எடுத்துத் தரேன். நீ சும்மா உக்காரு.”

“இன்னிக்கு எடுப்ப. நாளைக்கு?” தம்பி நிமிரவில்லை. “ஒண்ண முடிக்கவே அரை நாள் ஆக்குவ. நீ செஞ்சப்ப எல்லாம் சரி, நான் செஞ்சா தப்பா?”

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

தம்பி ஸ்பேனரை ஒரு திருப்புத் திருப்பினார். வாயு வெள்ளையாகச் சீறியது. முள்ளுக்காரர் சட்டென்று குனிந்து குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

“குளுருல வெரல் வெந்துடும்ண்ணே, எடு!” என்று கத்தியபடி தம்பி வால்வை மூட, கைதவறிக் கீழே விழுந்த ஸ்பேனரைத் தேடினார். விரல் நுனி வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் எடுக்கவில்லை.